ஒரே கொசு, இரண்டு புழு: மாமனாரின் காலும் வீட்டு நாயின் இருமலும்

ரங்கூனில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறோம்.

வீட்டில் மாமனார், மாமியார், கணவர், 9 வயது மகள், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனார். இவர்களோடு 6 வயது நாட்டு நாய் ஒன்று. எடை 14 கிலோ. இரண்டு மாதமாக அதற்கு ராத்திரியில் வறட்டு இருமல். மாடி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. கிளினிக்கில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கிட்டில் பார்த்ததில் ‘இதயப்புழு பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. தடுப்பு மாத்திரையை ஜூன் முதல் அக்டோபர் வரை, மழை மாதங்களில் மட்டும் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

மாமனாருக்கு 20 வருடமாக இடது காலில் யானைக்கால் வீக்கம். “கொசு நாயைக் கடிச்சு அவரைக் கடிச்சிருக்கு, இது வந்த வழி இந்த நாய்தான், புங்கி மடத்துல (புத்த பிக்குகள் மடத்தில்) கொண்டுபோய் விட்டுட்டு வா” என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். யானைக்காலுக்குச் சர்க்கார் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருப்பதை நாய்க்குப் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாடு வைத்திருக்கும் சின்ன மாமனாரோ, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் ‘ஒரு எம்.எல்.’ போட்டால் போதும் என்கிறார். எதைச் செய்வது, மகளுக்கும் நாத்தனாருக்கும் ஆபத்து உண்டா, நாய் பிழைக்குமா என்று கேட்டிருக்கிறார் வாசகி. கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. அந்த மாத்திரையையும் அந்த ஊசியையும் முதலில் நாய் பக்கமே கொண்டுபோகாமல் எடுத்து வையுங்கள். உங்கள் நாய் இதயப்புழுவால் இன்றைக்கோ நாளைக்கோ சாகப்போவதில்லை. அந்த இரண்டில் ஒன்றைப் போட்டால் இன்றைக்கே செத்தாலும் சாகலாம்.

யானைக்கால் மாத்திரைகளில் ஒன்று டைஎதில்கார்பமசின், டி.இ.சி. என்பார்கள். மனிதர் ரத்தத்தில் திரியும் குட்டிப்புழுக்களை, அதாவது மைக்ரோஃபைலேரியாக்களை, அது சாகடிக்கும். இதயப்புழு வந்த நாயின் ரத்தத்திலும் இப்படிப்பட்ட குட்டிப்புழுக்கள் ஒரு மில்லிக்கு ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். அந்த நேரத்தில் டி.இ.சி. உள்ளே போனால், மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்திலேயே ரத்த அழுத்தம் விழுந்து, ஈறு வெளுத்து, வாந்தியும் பேதியுமாக நாய் சுருண்டுவிடும் அபாயம் உண்டு. கூட இருக்கும் இன்னொரு மாத்திரை அல்பெண்டசோல். அது இதயப்புழுவை ஒன்றும் செய்யாது.

மாட்டு ஊசிக்கு வருவோம். நாய்க்கு மாதம் ஒருமுறை தரும் தடுப்பு அளவு, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின். 14 கிலோவுக்கு 84 மைக்ரோகிராம், அதாவது 0.084 மில்லிகிராம். கால்நடைகளுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. சின்ன மாமனார் சொல்லும் ‘ஒரு எம்.எல்.’ தேவையான அளவைப்போல் ஏறக்குறைய 120 மடங்கு. சரி, கொஞ்சமாகப் போடலாம் என்று இன்சுலின் சிரிஞ்சில் 0.1 மில்லி எடுத்தாலும் 12 மடங்கு ஆகிறது. சரியான அளவு 0.0084 மில்லி, அதை எந்த சிரிஞ்சிலும் எடுக்க முடியாது. மாட்டுக்கு அது நல்ல மருந்துதான், அவர் அனுபவத்தில் பேசுகிறார். நாய்க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதிலும் கோலி வகை நாய்களின் ரத்தம் கலந்திருந்தால் மருந்து மூளைக்குள் போய் நடுக்கம், மயக்கம், கோமா வரை கொண்டுபோகும்.

நாய் கொடுத்ததா இந்தக் கால்?

மாமியாரின் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட வேண்டாம். இரண்டுமே ஃபைலேரியா குடும்பத்துப் புழுக்கள், இரண்டையும் சுமப்பது கொசு, இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. யாருக்கும் இந்த எண்ணம் வரும். ஆனால் புழு வேறு வேறு.

மாமனாருடையது வுச்சரேரியா பாங்க்ரோஃப்டி. பர்மாவில் யானைக்காலுக்கு முக்கியக் காரணம் இதுதான். மனித உடம்பின் நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும். விலங்குகளில் இதற்குக் குடித்தனமே கிடையாது. மனிதரிடமிருந்து கொசு, கொசுவிடமிருந்து மனிதர், அவ்வளவுதான் அதன் பாதை. நாயுடையது டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ். இதயத்தின் வலப்பக்கத்திலும் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களிலும் வாழும். பெண் புழு வேகவைத்த சேமியா மாதிரி வெள்ளையாக 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் வளரும். ஆண் புழு அதில் பாதி. 5 முதல் 7 வருடம் வரை உயிரோடு இருக்கும்.

கணக்கையும் பாருங்கள். நாய்க்கு வயது 6, மாமனாரின் வீக்கத்துக்கு வயது 20. (இதை மாமியாரிடம் வாதமாக எடுத்து வைக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். கணவர் மூலமாகச் சொல்லுங்கள்.) அதுவுமில்லாமல் யானைக்கால் ஒன்றிரண்டு கடியில் வருவதில்லை. 1960களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபைலேரியா ஆய்வுக் குழு உங்கள் ரங்கூனிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தது. ஒரு மனிதரின் ரத்தத்தில் குட்டிப்புழு தென்பட, தொற்றுள்ள கொசுவின் கடி சராசரியாகச் சுமார் 15,500 வேண்டும் என்று அந்த ஆய்விலிருந்து 1968இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வருடக்கணக்காகச் சாக்கடை ஓரம் தூங்கி எழுந்த வாழ்க்கையின் விளைவு அது. நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது, சில கடிகளே போதும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ப்ரூகியா என்ற இன்னொரு ஃபைலேரியா இனம் தென்கிழக்காசியாவில் நாய், பூனைகளிடம் இருக்கிறது. அதில் ஒரு வகை மனிதருக்கும் வரும். அதனால்தான் கிட்டோடு நிறுத்தாமல் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பிலும் பார்க்கச் சொல்கிறேன். ப்ரூகியாவின் குட்டிப்புழுவுக்கு மேலே மெல்லிய உறை இருக்கும், இதயப்புழுவினுடையதற்கு இருக்காது. ஒரு மில்லி ரத்தத்தில் 2 சதவீத ஃபார்மலின் 9 மில்லி கலந்து, சுழற்றி, அடியில் படிவதை மெத்திலீன் நீலம் போட்டுப் பார்ப்பார்கள். ‘நாட் டெஸ்ட்’ என்று கேட்டால் லேபில் புரிந்துகொள்வார்கள்.

மகளும் நாத்தனாரும்

நாய் நக்குவதாலோ, அதன் முடி, எச்சில், மலத்தாலோ இதயப்புழு யாருக்கும் ஒட்டாது. நாயின் ரத்தத்தை உறிஞ்சிய கொசுவின் உடம்பில் குட்டிப்புழு வளர்ந்து தொற்றும் பருவத்துக்கு வர, உங்கள் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பருவத்தில் அதே கொசு கடித்தால்தான் அடுத்த உடம்புக்குப் போகும். மகள் நாயோடு படுப்பதால் கொசுவலை விலகுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

அப்படியே ஒரு லார்வா (இளம்புழு) மனித உடம்பில் நுழைந்தாலும் பெரும்பாலும் அதோடு அதன் கதை முடிந்துவிடும். எப்போதாவது நுரையீரலின் சிறு ரத்தக்குழாயில் சிக்கிச் செத்து, எக்ஸ்ரேயில் காசு போல வட்டமாகத் தெரியும். பெரியவர்களுக்கு வேறு காரணத்துக்காகப் படம் எடுக்கும்போது தெரியவந்து, புற்றுநோயோ என்று பயந்து அறுத்துப் பார்த்த பிறகு புழு என்று தெரிகிற விஷயம் இது. நாய்களுக்கு வரும் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ் என்ற இன்னொரு புழு மனிதரின் தோலுக்கடியில் கட்டியாகவோ, கண்ணின் வெள்ளைப்படலத்துக்கு அடியில் நெளியும் நூலாகவோ வரும். அப்படித் தெரிந்தால் கண் டாக்டர் எடுத்துப்போடுவார். இந்த இரண்டுக்கும் இப்போதே மகளுக்கு டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை.

நாத்தனார் விஷயத்தில் நாயால் தனி ஆபத்து எதுவும் இல்லை. யானைக்கால் மாத்திரை கொடுக்கும் சுற்று வந்தால் மட்டும் அவர் வாங்கி விழுங்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கடும் நோயில் படுத்திருப்பவர்களுக்கும் அது கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு வரும் சுற்றில் எடுத்துக்கொள்ளலாம். மிச்ச மாத்திரைகள் வீட்டில் இருக்கின்றன என்று எழுதியதிலிருந்து, கொடுத்தபோது எல்லோரும் விழுங்கவில்லை என்று தெரிகிறது. 2001 முதல் அங்கே இந்த மருந்து வழங்கப்படுவதன் நோக்கமே, வீக்கம் இல்லாதவர் ரத்தத்திலும் மறைந்திருக்கும் குட்டிப்புழுக்களைத் துடைப்பதுதான். விழுங்கிய பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வருவது பெரும்பாலும் புழு சாவதன் அடையாளம். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் அடுத்த வருடம் மாத்திரையை டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறார்கள். பழைய மிச்சத்தை இப்போது யாரும் எடுத்து விழுங்க வேண்டாம். அடுத்த சுற்றில், கொடுப்பவர் கண்முன்னே விழுங்குங்கள்.

மழைக்கால மாத்திரை எங்கே தவறியது

மாதம் தரும் மாத்திரை வரப்போகும் புழுவைத் தடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது வேலை செய்வது பின்னோக்கித்தான்: போன 30 நாளில் உள்ளே வந்த இளம் லார்வாக்களை அழிக்கும். கடித்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனால் லார்வா அடுத்த பருவத்துக்கு மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு இந்தச் சிறு அளவு மருந்துக்கு அது மசியாது. அக்டோபரோடு நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை வந்து சேர்ந்தவை ஜூனில் மாத்திரை மறுபடி தொடங்குவதற்குள் தப்பித்துவிட்டன.

மழை போனால் கொசு போய்விடும் என்பது தண்ணீர்த் தொட்டிக் கொசுவுக்குக்கூட முழுதாகப் பொருந்தாது. சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸுக்கோ நேர்மாறு. பெருமழை சாக்கடையை அடித்துக் கழுவிவிடும். வெயில் மாதங்களில் ஓட்டம் நின்று, தண்ணீர் கறுத்து, முட்டை மிதக்க வசதியாகத் தேங்கும். அப்போதுதான் அது கொழிக்கும். கரண்ட் இல்லாமல் ஃபேன் நின்றுபோன வெயில்கால ராத்திரிகளை நினைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். கொசுவுக்குள் புழு வளர 14 டிகிரிக்கு மேல் வெப்பம் போதும். ரங்கூனில் அதற்கு விடுமுறை மாதமே இல்லை. ஆகவே தடுப்பு மருந்து 12 மாதமும்.

கிட் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்த பெண் புழு வெளியிடும் ஒரு பொருளைத்தான் அது பிடிக்கிறது. தொற்றி 5, 6 மாதமாவது ஆன பிறகே காட்டும். எத்தனை புழு என்று சொல்லாது. சிகிச்சை நீண்டது, செலவு பிடிப்பது. அதனால் தொடங்கும் முன் இன்னொரு கம்பெனி கிட்டிலோ, மேலே சொன்ன மைக்ரோஸ்கோப் பரிசோதனையிலோ ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, ரத்த எண்ணிக்கை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இவையும் வேண்டும்.

நாய்க்கு இருக்கும் இரண்டு வழி

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இருமலும் களைப்பும் இருக்கிற நடுத்தர நிலை. பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எந்த வழியானாலும் முதல் வேலை டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி), கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 28 நாள். இதயப்புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா கூடவே வாழ்கிறது. அதை இந்த மருந்து அழித்தால் புழு நலிகிறது, செத்த பிறகு நுரையீரலில் உண்டாகும் அழற்சியும் குறைகிறது. 14 கிலோவுக்கு 140 மில்லிகிராம் வரும். 100 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றரை வீதம் கொடுக்கும்படி டாக்டர் எழுதக்கூடும். அப்படியானால் மொத்தம் 84 மாத்திரை. பாதியில் தீர்ந்துபோகாமல் ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். உலர்ந்த மாத்திரை தொண்டையில் ஒட்டிப் புண்ணாக்கும், எனவே சோற்றோடு கொடுத்துப் பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். இதையே மாமனாருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். அவருடைய மருந்தை அவருடைய டாக்டர் முடிவு செய்யட்டும்.

முதல் வழி மெலார்சோமின். வளர்ந்த புழுவைக் கொல்வதற்கென்றே உள்ள ஆர்சனிக் சேர்ந்த ஊசி. கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், உங்கள் நாய்க்கு 35 மில்லிகிராம், முதுகெலும்பை ஒட்டிய இடுப்புத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். நோய் உறுதியாகித் தடுப்பு மருந்தும் டாக்ஸியும் தொடங்கிய 60ஆம் நாள் ஒன்று, 90ஆம் நாள் ஒன்று, 91ஆம் நாள் ஒன்று என மூன்று. இப்படிப் போட்டால் 98 சதவீதப் புழு சாகும் என்பது கணக்கு; இரண்டு ஊசியோடு நிறுத்தினால் 90. வேகமானது, நம்பகமானது. ஆனால் எல்லா ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். கிடைக்குமா, எங்கிருந்து, எந்தத் தேதி காலாவதி என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். லேபிள் இல்லாத குப்பியில் வருவதை வாங்காதீர்கள்.

இரண்டாம் வழி, அந்த ஊசி கிடைக்காதபோது செய்வது. 28 நாள் டாக்ஸியோடு, மாக்ஸிடெக்டின் கலந்த சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை கழுத்துக்குப் பின்னால் தோலில் விட வேண்டும். அட்வகேட் என்ற பெயரில் விற்கும் மருந்து போன்றவற்றில் 10 முதல் 25 கிலோ நாய்க்கான குழாய் 2.5 மில்லி. ரத்தத்தில் குட்டிப்புழு அதிகம் இருந்தால் முதல் தடவை கிளினிக்கிலேயே விட்டு, அன்று முழுக்க அங்கேயே வைத்துப் பார்ப்பது நல்லது. காயும் வரை மகள் தொடக்கூடாது. நாய் நக்கினால் மருந்து விஷமாகும். கிட் நெகட்டிவ் ஆக ஒரு வருடம், சில நாய்களுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை புழு உள்ளே இருந்து குழாய்களைச் சேதப்படுத்திக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதன் குறை. வெறும் ஐவர்மெக்டின் தடுப்பு மாத்திரையை மட்டும் வருடக்கணக்கில் கொடுத்துப் புழுவைச் சாகவிடும் பழைய முறையைச் சிலர் சொல்வார்கள். அது இன்னும் மெதுவானது, மருந்துக்கு அடங்காத புழுக்களை உருவாக்கும் அபாயமும் உண்டு. நான் ஒப்ப மாட்டேன்.

இரண்டு வழிக்கும் பொதுவாக, வீட்டில் உள்ளவர்கள் சொதப்புவது ஓய்வில்தான். இந்தச் சிகிச்சை மருந்தால் நாய் சாவதைவிட, ஓடவிட்டுத்தான் பலர் கொல்கிறார்கள். செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரலின் சிறு குழாய்களை அடைக்கும். அந்த நேரத்தில் நாய் ஓடினால், குரைத்துக் குதித்தால், ரத்த ஓட்டம் கூடி அடைப்பு பெரிதாகும். ஊசிக்குப் பிறகு 7 முதல் 10 நாளில் இது உச்சம். 4 முதல் 6 வாரம் வரை நீளும். உங்களுக்கு மூன்று மாடிப் படி இருக்கிறது. இன்றிலிருந்தே தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். வெளிக்குப் போக 5 நிமிடம், கயிற்றில் கட்டி, வாசலோடு. தெரு நாய் குரைத்தால் ஜன்னலுக்குப் பாயும் பழக்கம் இருந்தால் ஜன்னல் இல்லாத அறையில் கட்டுங்கள். ஊசி போட்ட நாய் மூன்றாம் நாளே துள்ளும். நலமாகிவிட்டது என்று அவிழ்த்துவிடத் தோன்றும். கடைசி ஊசிக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் அவிழ்க்காதீர்கள்.

இதனால்தான் புங்கி மடத்தில் விடுவதும் தீர்வாகாது. அங்கே சோறு கிடைக்கலாம். ஓய்வு கிடைக்காது, டாக்ஸியை இரண்டு வேளை சோற்றில் வைக்க யாரும் இல்லை. ரத்தத்தில் குட்டிப்புழுவோடு போகும் நாய், அங்கே கூட்டமாகப் படுத்திருக்கும் மற்ற நாய்களுக்குக் கொசு வழியே அதைக் கொடுக்கும். உங்கள் வீட்டுக் கொசு அப்படியே இருக்கும். சிகிச்சைக்கு வசதி இல்லையென்றால், வீட்டிலேயே வைத்து இரண்டாம் வழியை நடத்துவது மேல்.

மாமனாரின் கால்

மாமனாருக்கு மனித மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் கடிதத்தில் காலுக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லாததால் சொல்கிறேன். 20 வருட வீக்கம் மாத்திரையால் வடியாது. ஆனால் தினசரிப் பராமரிப்பால் மோசமாகாமல் நிறுத்த முடியும். தினமும் சாதாரண சோப்பும் சூடில்லாத தண்ணீரும் கொண்டு முழங்காலிலிருந்து விரல் வரை கழுவ வேண்டும், மடிப்புகளுக்குள்ளும் விரலிடுக்கிலும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி, விரலிடுக்கு முழுதாகக் காய வேண்டும். இங்கே மிஞ்சும் ஈரத்தில்தான் பூஞ்சை வெடிப்பு வந்து, அதன் வழியே பாக்டீரியா நுழைகிறது. வெடிப்பு இருந்தால் பூஞ்சைக் களிம்பு. உட்காரும்போது கால் உயரத்தில் இருக்கட்டும், படுக்கும்போது கால்மாட்டில் தலையணை. கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி தினமும் சில தடவை. இறுகாத செருப்பு. வெறும் காலோடு கோயில் பிராகாரம் சுற்றினால் வீட்டுக்கு வந்ததும் கழுவிவிட வேண்டும்.

கால் திடீரென்று சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சல் வந்தால் அது பாக்டீரியாத் தாக்கு. அன்று பயிற்சி வேண்டாம், எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம், கீறி ரத்தம் எடுக்கவே வேண்டாம். குளிர்ந்த ஈரத்துணி, பாரசிட்டமால், அன்றே டாக்டரிடம் ஆன்டிபயாடிக். ஒவ்வொரு தாக்கும் வீக்கத்தை ஒரு படி கூட்டுகிறது. ராத்திரி 10 மணிக்கு மேல் எடுத்த ரத்தத்தில் புழு இல்லை என்று வரலாம். இந்த நிலையில் அது சாதாரணம், யானைக்கால் இல்லை என்று அர்த்தமாகாது. விரை வீக்கம் (விதைப்பையில் நீர் கோத்த வீக்கம்) இருந்து வெட்கத்தால் மறைக்கிறாரா என்று கணவர் கேட்டுப் பார்க்கட்டும். அதை ஆபரேஷனில் சரி செய்யலாம்.

கொசுவுக்கு: செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டுங்கள், மூடி விரிசலைச் சிமென்டால் அடையுங்கள். மூடிய மலக்குழியாக இருந்தால் சிறு தெர்மோகோல் மணிகளை மேலே ஒரு விரல் தடிமனுக்கு மிதக்கவிட்டால் முட்டையிட இடம் கிடைக்காது. ஓடும் சாக்கடைக்கு இது உதவாது, அங்கே குப்பையை வாரிவிட்டு ஓட்டம் வரச்செய்வதுதான். மாமனார் தூங்கும் வலைக்கும் நாய் படுக்கும் மூலைக்கும் ஒரே கவனம் கொடுங்கள். கியூலெக்ஸ் ராத்திரிக் கொசு.

இந்த வாரமே டாக்டரிடம் போய் நாட் டெஸ்டும் எக்ஸ்ரேயும் எடுங்கள். அதற்குள் சிறுநீர் காபித்தண்ணி நிறத்துக்கு மாறினாலோ, ஈறு வெளுத்து நாய் விழுந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். காபி நிறச் சிறுநீர் என்றால் புழுக்கள் பெரிய நாளத்தையே அடைத்துவிட்டன என்று பொருள். கழுத்து நாளம் வழியாகப் புழுவை வெளியே இழுத்து எடுத்தால்தான் பிழைக்கும். அது செய்யத் தெரிந்த கிளினிக் ஊரில் எது, ராத்திரியில் போன் எடுப்பார்களா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.